டீசல் காருக்கு எங்கே, எப்போது, எப்படி டீசல் போடுவது: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் டீசலைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. லாரி, பஸ், டிராக்டர், நெல் அறுக்கும் இயந்திரம் எல்லாம் டீசலில்தான் ஓடுகின்றன. நாட்டில் விற்கும் பெட்ரோலியப் பொருட்களில் முதலிடமும் அதற்குத்தான். அதனால் சின்ன ஊர் பங்க்கில்கூட ஒரு டீசல் பம்ப் இருக்கும். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்தியபோது "இனி டீசலே கிடைக்காமல் போய்விடுமோ" என்று பயந்தவர்கள் உண்டு. லாரிகள் ஓடும்வரை அந்தப் பயம் வேண்டாம்.

நாம் தேட வேண்டியது நம்பிப் போடக்கூடிய டீசலை. பழைய அம்பாசடர் டீசலோ முதல் தலைமுறை சுமோவோ கொஞ்சம் கசடு, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்த டீசலையும் குடித்துவிட்டுப் புகை விட்டபடி ஓடும். இன்றைய 'காமன் ரயில்' (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசலைத் தரும்) இன்ஜின் அப்படியில்லை. அது 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில், மிக மெல்லிய துளைகள் வழியாக டீசலைப் பீய்ச்சுகிறது. அப்படிப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் உயர் அழுத்த பம்ப்பையும் வழவழப்பாக வைத்திருப்பதும் அதே டீசல்தான். தண்ணீரோ தூசியோ போனால் செலவு ஆயிரங்களில் நிற்காது. ஆகவே டீசல் போடுவதை ஒரு பழக்கமாக ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அதற்கான வழி இது.

1. வீட்டுப் பக்கம் ஒன்று, வேலைக்குப் போகும் வழியில் ஒன்று

முதல் வேலை, உங்கள் அன்றாடப் பாதையில் இரண்டு பங்க்குகளை முடிவு செய்வது. ஒன்று போதாது. ஒன்றில் ஸ்டாக் இல்லாமல் போகலாம், மழையில் மூடியிருக்கலாம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் இரண்டு வேண்டும்.

எந்தக் கம்பெனி என்பதில் பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் பொறுத்தவரை மணலியில் இருக்கும் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் டீசல் ஒரு கம்பெனிக்கு மட்டும் போவதில்லை. கோவை, கரூர் பக்கம் கொச்சி ஆலையிலிருந்து குழாய் வழியாக வருகிறது. அரசு எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றின் ஆலையில் மற்றது எடுத்துக்கொள்வது வழக்கம். அடிப்படை டீசல் எல்லோருக்கும் ஒரே பிஎஸ்6 (புகை மாசைக் கட்டுப்படுத்தும் அரசு விதி) தரம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. டிப்போவை விட்டுப் புறப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு வருகிறது. ஆகவே போர்டில் உள்ள பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட பங்க் எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பாருங்கள்.

விற்பனை வேகமாக உள்ள பங்க் நல்லது. டீசல் நிலத்தடி டேங்கில் நாள்கணக்கில் கிடந்தால் ஈரம் சேரும், அடியில் கசடு படியும். டாக்ஸி ஓட்டுநர்கள் சொந்தக் காசு கொடுத்து எங்கே போடுகிறார்கள் என்று கவனியுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. லாரிக் கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பல லாரிகள் கடன் கணக்குக்காகவோ கம்பெனி கார்டுக்காகவோ ஒரே இடத்தில் போடும். எண்ணெய் நிறுவனமே நேரடியாக நடத்தும் 'கோகோ' பங்க் உங்கள் வழியில் இருந்தால் அதை முதலாவதாக வைத்துக்கொள்ளலாம்.

தரைமட்டத்தையும் பாருங்கள். சாலையைவிடத் தாழ்ந்த, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் பங்க் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இலவசக் காற்று, குடிநீர், கழிவறை, புகார்ப் புத்தகம், அந்தப் பகுதி விற்பனை அதிகாரியின் பெயரும் எண்ணும் எழுதிய பலகை எல்லாம் இருக்க வேண்டியவை. காற்றடிக்கும் மெஷின் மாதக்கணக்கில் 'பழுது' என்று தொங்கும் இடத்தில் டேங்க் மட்டும் ஒழுங்காகச் சுத்தம் செய்யப்படும் என்று நான் நம்ப மாட்டேன்.

2. புதிய பங்க்கை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

இதைச் செய்ய நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். கூச்சமே வேண்டாம். அடர்த்தி சோதனையும் 5 லிட்டர் அளவு சோதனையும் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதற்கான கருவிகளை பங்க் வைத்திருந்தே ஆக வேண்டும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "அண்ணே, டென்சிட்டி ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல பங்க்கில் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்டவுடன் அவர்கள் நடந்துகொள்ளும் விதத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

அடர்த்தி சோதனை இப்படி நடக்கும். கண்ணாடி ஜாரில் டீசலைப் பிடித்து, ஹைட்ரோமீட்டரையும் (அடர்த்தி காட்டும் மிதவைக் கருவி) வெப்பமானியையும் அதில் விடுவார்கள். ஹைட்ரோமீட்டர் காட்டும் எண் (ஒரு கன மீட்டர் டீசல் எத்தனை கிலோ என்பது) அப்போதைய வெப்பநிலைக்கானது. அதை அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்ற வேண்டும். நம் ஊரில் டீசல் 32 டிகிரியில் இருந்தால், மாற்றிய பிறகு எண் ஏறக்குறைய 12 கூடும். அதாவது ஜாரில் 820 என்று பார்த்தது தாளில் 832 ஆகும். பலர் இந்த இடத்தில்தான் குழம்பிச் சண்டை போடுகிறார்கள். மாற்றிய எண்ணை, டேங்கர் லாரி வந்தபோது பதிவேட்டில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3க்குள் இருந்தால் சரி. டீசல் பொதுவாக 820க்கும் 845க்கும் நடுவே இருக்கும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. டீசல் 835, மண்ணெண்ணெய் 800 என்று வைத்துக்கொண்டால், எண்ணை 3 இறக்கவே கிட்டத்தட்ட எட்டு ஒன்பது சதவீதம் கலக்க வேண்டும். அதற்குக் கீழே கலந்தால் அடர்த்தி சோதனையில் பிடிபடாது. எனவே சோதனையில் தேறியதை முழுச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாமல், வேகமான விற்பனை, ஓட்டுநர்களின் நம்பிக்கை, உங்கள் வண்டியின் புகை, மைலேஜ் எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள். வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் கறை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை பெட்ரோலுக்கானது. டீசல் ஆவியாகாமல் தாளில் எண்ணெய்க் கறையாகவே நிற்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அளவு சோதனை இன்னும் எளிது. முத்திரை குத்திய 5 லிட்டர் அளவுக் கலத்தில் பம்ப்பில் 5 லிட்டர் அடித்துப் பார்ப்பார்கள். 25 மில்லி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் அந்தப் பம்ப்பை நிறுத்தியாக வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவு முத்திரையைத் தொழிலாளர் துறை பார்த்துக்கொள்கிறது; பம்ப்பில் முத்திரை வைத்த தேதி இருக்கும்.

"என் டேங்க் 45 லிட்டர்தான், 47 லிட்டர் அடித்ததாக பில் வந்தது, இது மோசடி" என்று அடிக்கடி கேட்கிறோம். கையேட்டில் போட்டிருக்கும் கொள்ளளவு, கழுத்துப் பகுதியையும் மேலே விடும் காற்று இடைவெளியையும் சேர்க்காத எண். ஒன்றிரண்டு லிட்டர் கூடுதலாகப் பிடிப்பது இயல்பு. சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் கலத்தைக் கேளுங்கள். கார் டேங்கை அளவுக் கலமாக வைத்து வாதாட வேண்டாம்.

500க்குப் பதில் 510 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதும் நம்பிக்கைதான். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் பம்ப்புக்குள் சிப் வைத்து அளவைக் குறைத்தது பிடிபட்டது. அப்படிப்பட்ட பம்ப்பில் எந்த எண்ணைச் சொன்னாலும் குறையும். விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. டேங்க் மண்ணுக்கடியில் இருப்பதால் டீசலின் வெப்பம் காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவாக மாறாது.

3. பம்ப் முன்னால் நிற்கும் அந்த ஐந்து நிமிடம்

வண்டியை நிறுத்தியதும் கீழே இறங்குங்கள். ஜன்னலைத் திறந்து கையை நீட்டுவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். மூடியைத் திறக்கும் முன்பே "டீசல்" என்று தெளிவாகச் சொல்லி, அவர் எடுக்கும் நாசில் எந்தப் பம்ப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே மாடல் கார் பெட்ரோலிலும் டீசலிலும் வருவதால் ஊழியர் பழக்கத்தில் தவறு செய்ய வாய்ப்பு அதிகம். பெட்ரோல் நாசில் டீசல் காரின் கழுத்தில் தாராளமாக நுழையும். தடுக்க எதுவும் இல்லை. மூடியின் உள்பக்கம் 'டீசல்' என்று பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அவ்வளவு மலிவான காப்பீடு வேறு இல்லை.

"ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று அவர் சொல்வதற்கு முன் நீங்களே பாருங்கள். ரூபாய், லிட்டர் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அடிக்கும்போது கார்டு, ரிவார்டு பாயின்ட், இன்ஜின் ஆயில் என்று இன்னொருவர் பேச்சுக் கொடுத்தால் முடிந்தபிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். 2,000 சொன்னதற்கு 200இல் நிறுத்தி, "மீதியைத் தொடர்ந்து போடறேன்" என்றால், முதல் 200க்குத் தனி பில் வாங்கிக்கொண்டு மறுபடி ஜீரோவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை பங்க்குகளில் லாரிக்கென்று வேகமாக அடிக்கும் பெரிய நாசில் இருக்கும். அது காருக்கு ஒத்துவராது. சாதாரணப் பம்ப்புக்குப் போங்கள். டீசல் நுரைக்கும். வேகமாக அடித்தால் நுரை மேலே வந்து நாசில் சீக்கிரமே நின்றுவிடும், டேங்க் நிறைந்திருக்காது. மெதுவாக அடிக்கச் சொல்லி, முதல் 'டக்'கில் நிறுத்துங்கள். வேண்டுமானால் நுரை அடங்கியபின் ஒருமுறை மட்டும் தொடரலாம். விளிம்புவரை ரொப்புவதால் ஒரு லாபமும் இல்லை.

டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்க்குக்குப் போய்விடுங்கள். அடியில் படிந்தது கலங்கும் நேரம் அது. பில்லை எப்போதும் வாங்குங்கள், அடுத்த முறை டீசல் போடும்வரையாவது வண்டியில் வையுங்கள். பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

4. கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். டீசல் கார் முழுவதும் வற்றி நின்றால் பெட்ரோல் கார்போல இரண்டு லிட்டர் ஊற்றியதும் கிளம்பிவிடாது. குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். உயர் அழுத்த பம்ப் டீசல் இல்லாமல் காய்ந்து சுற்றினால் உலோகத் துகள் உதிர்ந்து இன்ஜெக்டர்வரை போகும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிடும். அதற்குக் கூடுதல் டீசல் வேண்டும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தால் பல கார்கள் இந்த எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. எப்போதும் 500 ரூபாய்க்குப் போட்டு ரிசர்வ் விளக்கோடு நகரத்துக்குள் ஓட்டுபவர்களின் வண்டியில் டிபிஎஃப் அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து காய்கறிக் கடை என்று மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டங்களே உங்கள் அன்றாடம் என்றால், வாரத்துக்கு ஒருமுறை ஈசிஆரிலோ உங்கள் ஊர் பைபாஸிலோ இருபது நிமிடம், 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். எரிப்பு நடுவில் இன்ஜினை அணைத்துக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் கம்பியில் மட்டம் குறையாமல் கூடியிருந்தால் அதுதான் அறிகுறி. உடனே சர்வீஸுக்குப் போங்கள். உண்மையாகச் சொன்னால், ஓட்டம் முழுக்க இப்படிப்பட்ட குறுந்தூரம்தான் என்பவருக்கு டீசல் கார் ஏற்றதல்ல. அடுத்த கார் வாங்கும்போது யோசியுங்கள்.

5. இரண்டாவது டேங்க்: டிஇஎஃப்

ஹாரியர், எக்ஸ்யூவி700 போன்ற வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிற மூடி ஒன்று இருக்கும். 32.5 சதவீத யூரியா கலந்த தூய நீர் அதற்குள் போகிறது. டிஇஎஃப் என்பது இதுதான், ஆட்ப்ளூ என்றும் சொல்வார்கள். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க அது உதவுகிறது. தீரும்முன் வண்டி பலமுறை எச்சரிக்கும். அதையும் தாண்டித் தீரவிட்டால், அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

பெரிய பங்க்குகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் கேனில் கிடைக்கிறது. சீல் உடையாத கேனையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்து வாங்குங்கள். 30 டிகிரியில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். மே மாத வெயிலில் டிக்கியில் போட்டுவைத்து ஓட்டாதீர்கள். உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள அசுத்தங்கள் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். டீசல் டேங்கில் தவறியும் டிஇஎஃப் போகக்கூடாது. போய்விட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

6. மலையும் எல்லையும்

மலை ஏறும்போது மைலேஜ் பாதியாகக் குறையும், திரை காட்டும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' கணக்கு சமவெளியில் ஓட்டியதை வைத்துப் போட்டது. அதனால் அடிவாரத்திலேயே நிரப்புங்கள். வால்பாறைக்குப் பொள்ளாச்சியில், மேகமலைக்குச் சின்னமனூரில், திம்பம் ஏறச் சத்தியமங்கலத்தில், ஜவ்வாதுமலைக்குப் போளூரில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நாமக்கல் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அங்கேயே. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரத்தில். முதுமலை வழியாக மைசூர் போகிறீர்கள் என்றால், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், கூடலூரிலேயே போட்டுவிடுங்கள்.

ஊட்டிக் குளிரில் டீசல் உறைந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு இரவு வெளியே நிறுத்துவதற்கெல்லாம் கவலை வேண்டாம். லே, கார்கில் பக்கம் வேறு கதை. அங்கே மைனஸ் 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது.

விலை தினமும் காலை 6 மணிக்கு மாறும் முறை 2017 ஜூன் 16 முதல் இருக்கிறது. வரியைப் பொறுத்து மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம்மைவிடக் குறைவு. கர்நாடகத்திலும் சில ஆண்டுகளாகக் குறைவுதான். கேரளத்திலும் ஆந்திரத்திலும் அதிகம். அதனால் பெங்களூர் போகும்போது ஓசூரில் நிறுத்தாமல் அத்திப்பள்ளி தாண்டிப் போடுங்கள். பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் வாளையாருக்கு முன்பும், திருப்பதிக்குப் போகிறவர்கள் திருத்தணியிலும் நிரப்பலாம். வழியில் போகும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். சில ரூபாய் வித்தியாசத்துக்காக நாற்பது கிலோமீட்டர் சுற்றினால் மிச்சம் எதுவும் இருக்காது.

7. மழைக்காலம்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை பார்த்ததுதான்: தண்ணீர் நின்ற இடங்களில் பங்க்குகளும் இருந்தன. நிலத்தடி டேங்கின் மூடி வழியாக நீர் இறங்கினால், டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் நிரப்பிவிடுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு முதல் சில நாட்கள் மேடான இடத்தில் இருக்கும் பங்க்குக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் அளவுக் கம்பியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். நீர் பட்டால் பசை நிறம் மாறும்.

உங்கள் டீசல் ஃபில்டரிலும் நீரைப் பிரிக்கும் பகுதி இருக்கிறது. டாஷ்போர்டில் நீர் விளக்கு எரிந்தால் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், வடித்துவிட வேண்டும். ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். மழைக்கு முன் மாற்றினால் இன்னும் நல்லது.

எக்ஸ்ட்ராமைல், டர்போஜெட் போன்ற விலை கூடிய டீசல் வேண்டுமா என்றால், அவற்றில் கூடுதலாக இருப்பது இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் மருந்து. போட்டால் கெடுதல் இல்லை, கட்டாயமும் இல்லை. மோசமான பங்க்கின் பிரீமியத்தைவிட நல்ல பங்க்கின் சாதா டீசலே மேல். உரிமமில்லாமல் 'பயோடீசல்' என்று மலிவாக விற்கும் இடங்களின் பக்கம் பிஎஸ்6 வண்டியைக் கொண்டே போகாதீர்கள்.

8. தப்பு நடந்துவிட்டால்

டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். சாவியைத் தொடாதீர்கள். ஆன் செய்தாலே டேங்கில் உள்ள பம்ப் ஓடி பெட்ரோலை முன்னே தள்ளிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கை வடிக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர்தானே, மேலே டீசல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று பங்க்கிலேயே சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள், பெட்ரோலுக்கு வழவழப்பு கிடையாது, பம்ப்தான் முதலில் தேயும். ஓட்டிவிட்டிருந்தால் உடனே அணைத்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வற்றி நின்றுவிட்டது. குறைந்தது 5 லிட்டராவது ஊற்றுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பங்க்கில் தர மாட்டார்கள், உலோக கேன் வேண்டும். ஃபில்டரின் மேல் கை பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். இல்லாத வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து சில விநாடி விட்டு அணைப்பதைப் பலமுறை செய்தபின் முயலுங்கள். தொடர்ந்து செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும், பம்ப்பும் போகும். அப்போதும் வரவில்லை என்றால் மெக்கானிக்தான்.

டீசல் போட்டு சில கிலோமீட்டரிலேயே இன்ஜின் திணறுகிறது, விளக்கு எரிகிறது. நிறுத்துங்கள். சர்வீஸ் சென்டரில் ஃபில்டரிலிருந்து வடித்ததைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி சீல் வைக்கச் சொல்லுங்கள், அவர்களிடம் எழுத்தில் குறிப்பும் வாங்குங்கள். அன்றே பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதி, பில்லின் நகலோடு பலகையில் உள்ள விற்பனை அதிகாரிக்குச் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அளவுக் குறைவு என்றால் தொழிலாளர் துறை. தாமதித்தால் டேங்கில் புது லோடு இறங்கிவிடும், சோதித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.